‘ஹோலிஸ்டிக்’: முழுமையான தீர்வா, முழு ஆளையும் பார்ப்பதா?

“தீராத வலிக்கு முழுமையான தீர்வு.” வலி மருத்துவத் துண்டறிக்கைகளிலும் மருத்துவமனைப் பலகைகளிலும் நாளிதழ் இணைப்புகளிலும் இந்த வரியை எத்தனையோ முறை படித்தாகிவிட்டது. ஆங்கில மூலத்தில் இருப்பவை மூன்று சொற்கள்: க்ரானிக், ஹோலிஸ்டிக், மேனேஜ்மென்ட். தமிழுக்கு வருவதற்குள் மூன்றுமே திரிந்துவிட்டன. தீராது என்கிறது முதல் சொல்; முழுமையாகத் தீரும் என்கின்றன அடுத்த இரண்டும். இதை எழுதியவருக்கு அந்த முரண் கண்ணில் படவில்லை. வலியோடு படிக்கிறவர் எதை நம்புவது?

ஹோலிஸ்டிக் என்ற சொல்லுக்கு நூறு வயதுதான். தென்னாப்பிரிக்கத் தலைவர் ஸ்மட்ஸ் 1926இல் வெளியிட்ட தத்துவ நூலில் ‘ஹோலிசம்’ என்ற சொல்லை உருவாக்கினார். டிரான்ஸ்வாலில் காந்தியும் அவரோடு நின்ற தமிழர்களும் சிறைக்குப் போன காலத்தில் அந்த அரசின் அமைச்சராக இருந்த அதே ஸ்மட்ஸ்தான். வேர், ‘முழு’ என்று பொருள்படும் ‘ஹோலோஸ்’ என்ற கிரேக்கச் சொல். வடமொழியின் ‘சர்வ’ அதற்கு உடன்பிறப்பு. உறுப்புகளைத் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் முழுப்பொருள் பிடிபடாது என்பது ஸ்மட்ஸின் வாதம். மருத்துவம் அதை எடுத்துக்கொண்டபோது அந்த ‘முழு’ நோயாளியைக் குறித்தது: அவருடைய உடல், உறக்கம், அச்சம், வேலை, வீடு எல்லாம் சேர்ந்த ஆள்.

‘முழுமையான சிகிச்சை’ என்று எழுதும்போது அந்த முழுமை ஆளை விட்டு இறங்கிச் சிகிச்சையின் மேல் ஏறிக்கொள்கிறது. தமிழில் முழுமையான சிகிச்சை என்றால் குறையில்லாத சிகிச்சை, முழுதாகக் குணமாக்கும் சிகிச்சை. வேறு எப்படியும் யாரும் படிக்க மாட்டார்கள். ‘சர்வரோக நிவாரணி’ விற்றவர்கள் சொன்னதும் இதைத்தான். ‘ஒட்டுமொத்த’ என்ற சொல் கணக்கு வழக்குக்கு உரியது; வலிக்கு ஆகாது. ‘ஒருங்கிணைந்த’ என்பதும் பொருந்தாது. அது பல துறை மருத்துவர்கள் கூடி வேலை செய்வதைச் சொல்கிறது. அப்படிக் கூடிய ஐந்து பேரும் ஆளுக்கொரு உறுப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகலாம். நம் மொழிபெயர்ப்பாளர்களோ இன்டகிரேடட், ஹோலிஸ்டிக், காம்ப்ரிஹென்சிவ் எது வந்தாலும் ‘ஒருங்கிணைந்த’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். தூய தமிழ் அன்பர்கள் சிலர் ‘முழுமைவாத மருத்துவம்’ என்கிறார்கள். தத்துவ வகுப்பில் அது செல்லும். மூட்டுவலியோடு வந்தவரிடம் ‘வாதம்’ என்று சொன்னால் அவருக்கு நினைவு வருவது பக்கவாதமும் முடக்குவாதமும்தான்.

இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. மூலிகை, யோகா, எண்ணெய் மசாஜ் ஆகியவற்றை மட்டும் ஹோலிஸ்டிக் என்று அழைத்து, மாத்திரையை அதற்கு எதிர்ப்பக்கம் நிறுத்துவது. உறக்கத்தையும் மன அழுத்தத்தையும் கேட்டறிந்து, அளவாக மாத்திரையும் எழுதி, நடைப்பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லும் மருத்துவர் ஆளை முழுதாகத்தான் பார்க்கிறார். எதையும் கேட்காமல் எண்ணெய்ப் புட்டியை நீட்டுகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை.

‘க்ரானிக்’ எளிது. அதன் வேரான ‘குரோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் காலம் என்று பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை அது இந்த வகையில் வைக்கிறது. கால அளவைத்தான் சொல்கிறதே தவிர, குணமாகுமா ஆகாதா என்று சொல்லவில்லை. ‘தீராத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அதற்குக் காலம் கிடையாது. இதுவரை தீராதது, இனியும் தீராதது, இரண்டும் அதற்குள் அடங்கும். நோயாளியின் காதில் விழுவது இரண்டாவதுதான். நாளிதழ்களின் காவல் நிலையச் செய்திகளில் ‘தீராத வயிற்றுவலி’ என்ற தொடர் எந்த முடிவோடு சேர்ந்து வரும் என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொடரை ஒரு மருத்துவமனை எடுத்துத் தன் துண்டறிக்கையின் தலைப்பில் போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நாள்பட்ட புண், நாள்பட்ட இருமல் என்று மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல் இருக்கிறது. நாள்பட்ட வலி. இதற்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

மேனேஜ்மென்ட் ‘தீர்வு’ ஆனதற்கு மன்னிப்பே கிடையாது. வலி மருத்துவத்தின் முன்னோடி ஜான் பொனிக்கா 1953இல் தம் பெருநூலுக்குத் தலைப்பு வைத்தபோதே இந்தச் சொல்லைத்தான் ஆண்டார். குணமாக்குதல் என்று வைக்கவில்லை. அவரே மற்போர் வீரராக இருந்து, அந்தக் காயங்களின் வலியோடு வாழ்நாளெல்லாம் இருந்தவர். நாள்பட்ட வலியில் பல நேரம் காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதில்லை. வலிக்குமோ என்று அசையாமல் இருந்தால் தசை தளர்கிறது. தசை தளர்ந்தால் வலி கூடுகிறது. வலி கூடினால் உறக்கம் கெடுகிறது. இந்தச் சுழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவதுதான் சிகிச்சை. ‘மேலாண்மை’ இதற்கு அலுவலகத்தனமாக ஒலிக்கிறது. ‘கையாளுதல்’ போதும், நோயாளியின் கையும் அதில் இருக்கிறது. ‘வலியாற்றல்’ என்று ஒரு சொல் எனக்கு ஆசையாகத் தோன்றியது. ஆற்றுதலுக்குத் தணித்தல், பொறுத்தல் என இரு பொருளும் உண்டே. ஆனால் பழந்தமிழில் ‘வலி’ என்றால் வலிமை. படிக்கிறவர் பயில்வானைத் தேடிப் போய்விடுவார்.

சரி, ஹோலிஸ்டிக்குக்கு என்ன சொல்? ‘முழுநோக்கு’ என்று நான் எழுதுகிறேன். நோக்குவது மருத்துவர், முழுதாக நோக்கப்படுவது ஆள். தலைப்புக்கு அது போதும். நோயாளியிடம் பேசும்போது ‘ஆளை முழுதாகப் பார்க்கும் மருத்துவம்’ என்று விரித்தே சொல்லலாம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மருத்துவமனைச் சுவர்களில் ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ குறளை எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு அடுத்த குறளைப் பாருங்கள்: “உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்.” முதலில் உற்றான், பிறகுதான் பிணி, அதன்பின் காலம். முழுநோக்கும் நாள்பட்டதும் அந்த ஒரே வரியில் நிற்கின்றன.

ஆகவே அந்தத் துண்டறிக்கையின் தலைப்பு இப்படி இருக்கலாம்: “நாள்பட்ட வலியை முழுநோக்கில் கையாளுதல்.” ‘நாட்பட்ட’ என்று சந்தி சேர்த்து எழுதுவதும் வழக்கில் உள்ளதுதான். ஆனாலும் துண்டறிக்கையில் ‘நாள்’ கண்ணுக்குத் தெரியட்டும்.