அட்டைக்குக் கனம் கிடையாது: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் நிஜமான 3டி

"கேமரா அப்படியே எழுத்தைச் சுற்றிப் பின்பக்கம் போகட்டும்." கடைசி நாளில் வாடிக்கையாளர் கேட்டது இது ஒன்றுதான். அசையும் கிராஃபிக்ஸ் செய்யும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில், தலைப்பு எழுத்தை நாற்பது லேயர்களாக (அடுக்குகளாக) நகலெடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பிக்சல் பின்னால் தள்ளி அடுக்கியிருந்தேன். நேரே பார்த்தால் தடித்த எழுத்து மாதிரியே இருக்கும். கேமரா பக்கவாட்டில் திரும்பியதும் கோடு கோடாக இடைவெளி தெரிந்தது. 90 டிகிரியில் எழுத்தையே காணோம். இரண்டு இரவு உட்கார்ந்து முதலிலிருந்து செய்தேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதே தவறை அடிக்கடி பார்ப்பதால்தான் எழுதுகிறேன்.

லேயருக்குப் பக்கத்தில் இருக்கும் கனசதுரச் சின்னத்தை அழுத்தினால் அதற்கு இசட் அச்சு, அதாவது முன்னும் பின்னும் நகரும் திசை கிடைக்கும். கனம் கிடைக்காது. 2001-ல் 5.0 பதிப்பில் 3டி லேயர் வந்ததிலிருந்தே அது வெட்டவெளியில் நிற்கும் ஒரு அட்டைதான். ஆறு சதுரங்களைச் சேர்த்துப் பெட்டி செய்யலாம். 500 பிக்சல் சதுரம் என்றால் மையத்திலிருந்து ஒவ்வொரு முகமும் 250 பிக்சல் தள்ளி நிற்க வேண்டும். ஆனால் பெட்டிக்கு மேல் போனால் இந்த வழி திணறும். இப்படித் தட்டை அட்டைகளை 3டி வெளியில் நிறுத்துவதை 2.5டி என்பார்கள். மட்டமான வேலை இல்லை அது. ஒரு புகைப்படத்தை வெட்டி முன்னும் பின்னுமாக வைத்துக் கேமராவை மெல்ல நகர்த்த அதைவிட நல்ல வழி கிடையாது. பொருளின் பக்கவாட்டு தெரிய வேண்டுமா என்பதுதான் கேள்வி. அதை வேலையை ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிடுங்கள்.

தெரிய வேண்டும் என்றால், கம்போசிஷன் செட்டிங்ஸில் ரெண்டரரை, அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் முறையை மாற்ற வேண்டும். கிளாசிக் 3டி என்ற பழைய ரெண்டரரில் எக்ஸ்ட்ரூட், அதாவது தட்டை வடிவத்தை இழுத்துக் கனம் கொடுக்கும் வசதி கிடையாது. 2012-ல் சிஎஸ்6 பதிப்புடன், ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிடும் ரே-ட்ரேஸ்டு முறை வந்தது. அதற்கேற்ற என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு ஃபிரேமுக்கே காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. அப்புறம் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது சினிமா 4டி, அட்வான்ஸ்டு 3டி என்ற இரண்டும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் டெக்ஸ்ட் லேயருக்கும் ஷேப் லேயருக்கும் கனத்தை மாற்றும் ஜியோமெட்ரி ஆப்ஷன்ஸ் திறக்கும். லோகோவை பிஎன்ஜியாகக் கொடுத்தால் எக்ஸ்ட்ரூட் ஆகாது. கோடுகளாக வரைந்த வெக்டர் கோப்பைக் கேட்டு வாங்கி, ஷேப் லேயராக மாற்றிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ட்ரூஷன் எண்ணை ஏற்றியும் தட்டையாகவே தெரிகிறதே என்று பலர் கலங்குவார்கள். லைட் போடாததுதான் காரணம். ஒளி இல்லாவிட்டால் முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரே நிறமாகிவிடும். ஒரு லைட் வைத்து, ஒன்றிரண்டு பிக்சல் பெவலும் (விளிம்பைச் சாய்த்துச் செதுக்குவது) கொடுங்கள். அந்த மெல்லிய விளிம்பில் ஒளி பட்டு மின்னும்போதுதான் கண் அதைத் திடப்பொருள் என்று நம்புகிறது. பெவலை அள்ளிப் போட்டால் எழுத்து ஊதிப்போய்விடும். நிழல் வேண்டுமானால் லைட்டிலும் லேயரிலும் தனித்தனியாக இயக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலில் நான் அரை நாள் இழந்திருக்கிறேன். இரண்டு 3டி லேயர்களுக்கு நடுவில் ஒரு 2டி லேயரோ, கீழுள்ள லேயர்களுக்கெல்லாம் எஃபெக்ட் கொடுக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரோ இருந்தால், மேலே உள்ளதும் கீழே உள்ளதும் தனித்தனியாக ரெண்டர் ஆகும். ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழாது, ஒன்றையொன்று ஊடுருவாது. நிழல் வரவில்லை என்றால் லைட்டைத் திருகுவதற்கு முன் லேயர் வரிசையைப் பாருங்கள். சில லேயர்களை ஒரே லேயராகக் கட்டி ப்ரீகாம்ப் செய்தவர்கள் கொலாப்ஸ் ட்ரான்ஸ்ஃபர்மேஷன்ஸ் பொத்தானையும் பார்க்க வேண்டும். அது அணைந்திருந்தால் உள்ளே செய்த 3டி முழுவதும் வெளியே தட்டையான படமாகத்தான் வரும்.

சினிமா 4டி ரெண்டரரில் ப்ளெண்டிங் மோட் (லேயர்களின் நிறங்களைக் கலப்பது), ட்ராக் மேட் (ஒரு லேயரின் வடிவத்தால் மற்றொன்றை மறைப்பது), லேயர் ஸ்டைல் வேலை செய்யாது. பாதி வேலையில் ரெண்டரரை மாற்றினால் தோற்றம் குலைவது இதனால்தான்.

எழுத்தும் லோகோவும் போக, நாற்காலி, கார் மாதிரிப் பொருள்களுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடல் செய்து ஜிஎல்பி என்ற 3டி கோப்பாகக் கொண்டுவருவதே என் வழக்கம். அட்வான்ஸ்டு 3டி அதை நேரடியாக ஏற்கும். பிளெண்டரின் நோட்களில் (ஒன்றோடொன்று இணைக்கும் கட்டங்களில்) கட்டிய பரப்புகள் அப்படியே வராது; அவற்றைப் படங்களாகப் பதித்து, அதாவது பேக் செய்துதான் அனுப்ப வேண்டும்.

இப்போதெல்லாம் முதல் மாதிரியை அனுப்புவதற்கு முன் கேமராவை 90 டிகிரி திருப்பி ஒரு ஃபிரேமை எடுத்துப் பார்க்கிறேன். பக்கவாட்டில் பொருள் இருந்தால்தான் மற்ற ஃபிரேம்களை ரெண்டருக்குப் போடுவேன்.