கொல்லையில் கோழி வளர்க்கச் சட்டம் இடம் தருமா?

நகரத்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் கிடைத்தால் முதலில் காய்கறி வைப்போம். அப்புறம் நாலு கோழி வளர்த்தால் என்ன என்று தோன்றும். செடிக்கு யாரையும் கேட்க வேண்டாம், கோழிக்குத்தான் அனுமதி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் செடியே வம்பில் மாட்டியதும் உண்டு.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மயாமி ஷோர்ஸ் என்ற ஊர், வீட்டு முன்புறத்தில் காய்கறி போடக் கூடாது என்று 2013இல் விதியை இறுக்கியது. 17 வருடமாகத் தோட்டம் போட்டுவந்த ஒரு தம்பதி, நாளுக்கு 50 டாலர் அபராதம் என்றதும் செடிகளைப் பிடுங்க வேண்டியதாயிற்று. வழக்குப் போட்டும் தோற்றார்கள். கடைசியில் மாநிலமே சட்டம் போட்டது. 2019 ஜூலை முதல், வீட்டு மனையில் காய்கறி வளர்ப்பதை அங்கே எந்த உள்ளாட்சியும் தடுக்க முடியாது. கவனியுங்கள், உள்ளாட்சிதான் தடுக்க முடியாது. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிகளை அந்தச் சட்டம் தொடவில்லை.

ஆக, பார்க்க வேண்டிய இடம் ஒன்றல்ல. நகராட்சி விதி, கால்நடை நோய்த் தடுப்பு விதி, வாடகை ஒப்பந்தம் அல்லது சங்க விதி என மூன்று உண்டு. ஒன்றில் கிடைத்த அனுமதி மற்றதில் செல்லாது.

நகராட்சி கவலைப்படுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித்தான். சத்தம், வாடை, தூரம், எண்ணிக்கை. நியூயார்க்கில் பெட்டைக்கோழி வளர்க்கலாம். சேவல், வாத்து, வான்கோழி கூடாது. சியாட்டிலில் 2010 முதல் சாதாரண மனையில் 8 கோழி வரை அனுமதி. அங்கேயும் சேவல் கிடையாது, கூடு பக்கத்து வீட்டிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும்; குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல் தேவை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: சின்னக் குஞ்சில் எது சேவல் என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. சேவலாகிவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அதே சியாட்டில் 2007இல் குட்டை இன ஆடுகளையும் அனுமதித்தது. கொம்பு நீக்கியிருக்க வேண்டும், கிடாவுக்குக் காயடித்திருக்க வேண்டும். கிடா வாடை தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நோய்த் தடுப்பு விதிதான் பலரைத் திகைக்க வைக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முன்பு 50 பறவைகளும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் பதிவு செய்ய வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி இருந்தாலும் பதிவு கட்டாயம். பறவைக் காய்ச்சல் வந்தால் எந்த வீட்டில் பறவை இருக்கிறது என்று அரசுக்குத் தெரிய வேண்டுமே. எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கிளி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

இதைவிட விநோதமானது தீவன விதி. பிரிட்டனில் சமையலறையிலிருந்து மிஞ்சியதைக் கோழிக்குப் போடுவது சட்டப்படி குற்றம். வெறும் காய்கறித் தோலாக இருந்தாலும் கூடாது, இறைச்சியோ பாலோ பட்டிருக்கலாம் என்பதால். வீட்டில் எல்லோரும் பாலைக்கூடத் தொடாத வீகன் என்றால் மட்டும் போடலாம். தோட்டத்தில் பறித்த கீரையை நேராகக் கூட்டில் போட்டால் தப்பில்லை. சமையலறை வழியாக வந்தால் தப்பு! கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் விதி அதுதான்.

மூன்றாவது, ஒப்பந்தம். வாடகை வீடாக இருந்தால் இதுதான் பெரும்பாலும் காலை வாரும். சில இடங்களில் சட்டம் ஒப்பந்தத்தையே மீறிக் கை கொடுப்பதும் உண்டு. இங்கிலாந்தில் தோட்டம் போடக் குத்தகைக்கு விடும் அலாட்மென்ட் நிலங்களில், குத்தகை விதி மறுத்தாலும் கோழியும் முயலும் வளர்க்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. சேவல் கூடாது, வியாபாரத்துக்குக் கூடாது, யாருக்கும் தொந்தரவாகவோ உடல்நலக் கேடாகவோ இருக்கக் கூடாது.

உங்கள் ஊர் விதியைத் தேடும்போது வேளாண்மைத் தலைப்பில் மட்டும் பார்த்து ஓய்ந்துவிடாதீர்கள். நியூயார்க்கின் கோழி விதி சுகாதார விதித்தொகுப்பில் இருக்கிறது, சியாட்டிலுடையது நிலப் பயன்பாட்டு விதியில். தேடியும் கிடைக்காவிட்டால் நகராட்சிக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கூட்டுக்குப் பலகை வாங்குங்கள்.