ஆரம்பிப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்: விளையாட்டு வழி வகுப்பு

கணினி விளையாட்டை வைத்துப் பாடம் நடத்தலாமா என்று கேட்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே பயம்தான்: வகுப்பு கைமீறிப் போய்விடுமே! போகும். ஆனால் அவர்கள் நினைக்கிற நேரத்தில் அல்ல. ஆட்டம் தொடங்கியதும் பிள்ளைகள் தானாக அடங்கிவிடுவார்கள். நிறுத்தச் சொல்லும்போதுதான் வம்பு.

என் முதல் விளையாட்டு வகுப்பு இப்படித்தான் கெட்டது. பின்னங்களை ஒப்பிட்டுப் படகை நகர்த்தும் ஆட்டம். மணியடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது "எல்லாரும் மூடுங்க" என்றேன். லெவல் முடிய ஒரே கேள்வி பாக்கியிருந்த ஒரு பையன், டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முறைத்தான். அடம் என்று நினைத்து அதட்டிவிட்டேன். நடுவில் மூடினால் அதுவரை சேர்த்தது போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சேமிக்கும் முன் கரண்ட் போனால் நாம் மட்டும் சும்மா இருக்கிறோமா?

அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே நான் விளையாடிப் பார்த்துவிடுகிறேன். ஒரு லெவலுக்கு எத்தனை நிமிடம், எங்கே சேமிக்கிறது என்பது தெரிந்தால் போதும். (பிள்ளைகள் என்னைவிட வேகம், அது வேறு கதை.) நிறுத்த ஐந்து நிமிடம் இருக்கும்போதே "இனி புது லெவல் தொடங்காதீங்க" என்று சொல்லிவிடுவேன். நேரம் வந்ததும் டேப்லெட்டைக் குப்புற வைக்கச் சொல்வேன். ஆட்டத்திலிருந்து வெளியே வரச் சொல்வதில்லை. கண் என்னிடம் வந்தால் சரி. கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் ஆட்டத்தின் கல்விப் பதிப்பில் ஆசிரியரே எல்லோருடைய ஆட்டத்தையும் ஒன்றாக நிறுத்திவைக்கலாம். நல்ல வசதி. சொல்லாமல் செய்தால் கூச்சலில் கூரை பறக்கும்.

அமைதியான வகுப்பையும் நம்பிவிடக் கூடாது. அந்தப் படகு ஆட்டத்தில் மூன்று நட்சத்திரம் வாங்கிய ஒரு மாணவியிடம் 2/3 பெரிதா, 3/4 பெரிதா என்று தாளில் கேட்டேன். விழித்தாள். "தப்புன்னா சிவப்பு வரும் மிஸ், உடனே அடுத்ததைத் தொட்டுடுவேன்" என்றாள். ஆட்டத்தை ஜெயிக்கப் பின்னம் தெரிய வேண்டியதே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாள்! அன்றிலிருந்து நான் வகுப்பின் பின்புறம்தான் நிற்கிறேன். முன்னால் நின்றால் முகம்தான் தெரியும். பின்னால் நின்றால் திரை தெரியும், விரல் போகும் வேகமும் தெரியும்.

ஆளுக்கொரு கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1971இல் அமெரிக்காவில் மூன்று பயிற்சி ஆசிரியர்கள் வரலாற்று வகுப்புக்காக உருவாக்கிய 'ஓரிகான் டிரெயில்' ஆட்டத்துக்குத் திரைகூடக் கிடையாது. தட்டச்சு இயந்திரம் போன்ற ஒரு டெலிபிரிண்டரில்தான் பிள்ளைகள் விளையாடினார்கள். நான் இரண்டு பேருக்கு ஒரு டேப்லெட் கொடுக்கிறேன். ஒருவர் காரணம் சொல்ல வேண்டும், மற்றவர் தொட வேண்டும்; லெவலுக்கு லெவல் இடம் மாறிக்கொள்வார்கள். காரணம் சொல்லியாக வேண்டும் என்றால் கண்டபடி தட்டுவது பாதியாகக் குறைகிறது. சத்தம் கூடும். இருக்கட்டும்.

அப்புறம், கடைசிப் பத்து நிமிடத்தை விளையாட்டுக்குத் தருவதில்லை. எங்கே தோற்றீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். போன வாரம் ஒரு தாளில் இப்படி இருந்தது: "3ஐ விட 4 பெருசு, அதனால 1/4 பெருசுன்னு நினைச்சேன். படகு மூழ்கிடுச்சு." அதே தப்பு இன்னும் ஆறு தாள்களில் இருந்தது. மறுநாள் பாடத்தை மூழ்கிய அந்தப் படகிலிருந்துதான் தொடங்கினேன்.