பெரும்பாடு

‘பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பெரும்பாடு பட்டேன்’ என்கிறோமே, அதே சொல்தான் ஒரு நோய்க்கும் பெயர். சுடு சூடு ஆவதுபோல, கெடு கேடு ஆவதுபோல, படு என்ற வினை நீண்டு பாடு ஆனது. மாதவிடாயில் அளவுக்கு மீறி உதிரம் போவதைச் சித்த மருத்துவம் பெரும்பாடு என்கிறது. தமிழ் பைபிளிலும் இந்தச் சொல் உண்டு. மாற்கு 5ஆம் அதிகாரத்தில் வருகிறவள், பன்னிரண்டு வருடமாகப் பெரும்பாட்டோடு பல வைத்தியர்களைப் பார்த்து, கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் குணமாகாதவள்.

ஆங்கில மருத்துவம் வெகுகாலம் ‘மெனோரேஜியா’ என்றது. மாதம், உடைத்துக்கொண்டு பாய்தல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் மெனோரேஜியா என்று வரையறுத்தார்கள். வீட்டில் யார் அளந்து பார்ப்பது? 2007இல், சிகிச்சை முறைகளை வகுத்துச் சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் அந்தக் கணக்கை ஓரம் வைத்து, பெண்ணின் அன்றாட வாழ்வைக் குலைக்கும் போக்கு எல்லாமே அதிகப் போக்குதான் என்றது. அவள் படும் பாட்டைத்தானே நம் சொல் முதலிலிருந்தே சொல்கிறது! ‘அதிக மாதவிடாய் உதிரப்போக்கு’ என்ற நேர்மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. ஆனாலும் பெரும்பாடு என்றே எழுதலாம் என்பது என் கருத்து.

ஏழு நாளைக்கு மேல் நீடித்தால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி கட்டியாகப் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்’ என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. மாதாமாதம் இரும்புச்சத்து கரையும்; மாடி ஏறினால் மூச்சு வாங்கும், முடி கொட்டும், சிலர் பச்சரிசியை அள்ளித் தின்பார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காரணம் கருப்பைக் கட்டியாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். வயதுக்கு வந்த நாளிலிருந்தே கொட்டுகிறது என்றால் ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1926இல் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் அப்படி ஒரு பரம்பரைக் குறையைப் பற்றி எழுதினார். அவர் கவனித்த சிறுமி 13 வயதில், நான்காவது மாதவிடாயிலேயே ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். இன்று அந்தக் குறையை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், மருந்தும் உண்டு.

சிகிச்சையில் முதலில் டிரனெக்சாமிக் அமில மாத்திரை. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1960களில் உருவாக்கியது. போக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போதும், ஏறத்தாழ பாதி வரை குறையும். காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டு வந்தவர்களுக்கு ஆகாது. அப்புறம், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். பல ஆண்டு பலன் தரும். கூடவே இரும்பு மாத்திரையும் வேண்டும், ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சில மாதம் தொடர வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கருப்பையின் உட்சுவரிலிருந்து சதை எடுத்துப் புற்றுநோய் இல்லையென்று உறுதிப்படுத்துவதும் வழக்கம்.

‘பிள்ளை பெற்றாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்பதை முதல் பேச்சிலேயே ஒப்புக்கொள்ள வேண்டாம். மற்ற வழிகள் பலிக்காதபோதுதான் அது. அப்போதும் சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கிறார்களா, ஏன் என்று கேளுங்கள். இளவயதில் அவையும் போனால் எலும்பு சீக்கிரமே தேயும், இதயநோய்க்கும் வாய்ப்பு கூடும்.