தோழி உங்களிடம் சொன்னால்: யு.ஜி.சி. 2015 விதிகளும் விடுதிப் பிரதிநிதியின் பொறுப்பும்

பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் சக மாணவியிடம்தான். கேட்கும் விடுதிப் பிரதிநிதி விசாரணை அதிகாரி அல்ல. "ஏன் போனாய், யார் கூப்பிட்டது" என்று துருவ வேண்டாம். இப்போது பாதுகாப்பாக இருக்கிறாளா, காயம் உண்டா என்பது தெரிந்தால் போதும்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். முதலாண்டில் 17 வயதினரும் படிக்கிறார்கள். 18 நிறையாதவர் என்றால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அவள் விவரம் சொல்லத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். கொடுத்த வாக்கைப் பிறகு மீறினால் அடுத்தவரிடம் பேசவே அவளுக்கு மனம் வராது. 18 நிறைந்திருந்தால், புகார் கொடுப்பதும் வீட்டில் சொல்வதும் அவள் முடிவு.

மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கித் தடயம் கெடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, அழைத்துப் போங்கள். அரசு, தனியார் எதுவானாலும் சிகிச்சை இலவசம். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரும் என்பதையும் முன்பே சொல்லுங்கள். வழக்கு வேண்டாம் என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. அவள் சம்மதமின்றிப் பரிசோதிக்கவும் கூடாது.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2015-இல் கொண்டுவந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகளின்படி, கல்லூரிக்குள் புகார் போக வேண்டிய இடம் உள்ளகப் புகார்க் குழு. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத இயலாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். வார்டனிடமோ துறைத் தலைவரிடமோ கொடுத்த கடிதம் மேசையிலேயே கிடக்க, கெடு ஓடிவிடுவது உண்டு. ஆகவே நேரே குழுவிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

விசாரணைக்கு 90 நாள் இருக்கிறது. அதுவரை அதே வகுப்பில் புகாருக்கு உள்ளானவன் முகத்தில் அவள் விழிக்க வேண்டியதில்லை. 3 மாதம் வரை விடுப்பு, அவன் விலகியிருக்க எச்சரிக்கை, ஆசிரியர் என்றால் அவளுடைய தாளைத் திருத்தத் தடை ஆகிய இடைக்கால நிவாரணங்களைப் புகாரிலேயே கேட்டு எழுதலாம். காவல்துறையை நாட இந்தப் புகார் தடையாகாது. பெண்கள் உதவி எண் 181.

மாணவர் தொடர்பான புகாரில் 3 மாணவ உறுப்பினர்களும் குழுவில் உட்காருவார்கள். அவளிடம் முதலில் கேட்டறிந்தவர் அவர்களில் ஒருவர் என்றால் விலகிக்கொள்வதே முறை. பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை; உதவி கேட்பதற்காகக்கூட விடுதி வாட்ஸ்அப் குழுவில் பெயரையோ அறை எண்ணையோ போடாதீர்கள்.