கறுப்புத் திரைக்குப் பயப்பட வேண்டாம், கொஞ்சம் பயப்படலாம்

சர்வர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. மவுஸுக்குப் பதிலாகக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கறுப்புத் திரைதான், அதாவது டெர்மினல்தான், என் கருவி. ஓர் இரவு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவரின் தளம் படுத்துவிட்டதாக அழைப்பு வந்தது. கைபேசியில் சிக்னல் ஒற்றைக் கோடு. ரிமோட் டெஸ்க்டாப் திரையைப் படமாக அனுப்ப வேண்டும், பாதியில் உறைந்தது. தொலைவிலுள்ள சர்வரில் டெர்மினலைத் திறக்கும் எஸ்எஸ்எச் வழியே போவது எழுத்துகள் மட்டுமே. தத்தித் தத்தி உள்ளே போய்விட்டேன்.

அங்கே, தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பதிந்துவைக்கும் லாக் கோப்பு 2 ஜிபிக்கு இருந்தது. ‘கட்’ என்ற கட்டளை, வந்த கணினிகளின் ஐபி முகவரிகளை நறுக்கித் தந்தது, ‘சார்ட்’ அடுக்கியது, ‘யூனிக்’ எது எத்தனை முறை என்று எண்ணியது, இன்னொரு ‘சார்ட்’ பெரிய எண்ணை மேலே கொண்டுவந்தது. எல்லாம் ஒரே வரி. (‘யூனிக்’ அடுத்தடுத்த வரிகளைத்தான் ஒப்பிடும், அடுக்க மறந்தால் கணக்கு பொய்த்துவிடும். நானும் ஏமாந்திருக்கிறேன்.) ஒரே முகவரி லட்சக்கணக்கில் கதவைத் தட்டியிருந்தது. தடுத்தேன், தளம் எழுந்தது.

ஒன்றின் விடையை அடுத்ததற்கு ஊட்டும் அந்தப் ‘பைப்’ வசதி, டக் மெக்கில்ராய் விடாமல் வற்புறுத்தியதால் அவருடைய சக பொறியாளர் கென் தாம்சன் 1973இல் யுனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்தது. டெர்மினல் பழைய சரக்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி: மவுஸோடு வந்த ஜெராக்ஸ் ஆல்டோ கணினியும் அதே ஆண்டில் பிறந்ததுதான்.

வேகம் எனக்குப் பெரிதில்லை. என்ன செய்தீர்கள் என்று மறுநாள் வாடிக்கையாளர் கேட்டார். அந்த வரியை அப்படியே அனுப்பினேன். மவுஸால் செய்திருந்தால், “மேலே மூன்றாவது மெனு, அதில் இடப்பக்கம்” என்று வழி சொல்ல வேண்டும். அடுத்த பதிப்பில் அந்த மெனுவே இடம் மாறியிருக்கும்.

படம் திருத்துவதற்கும், ஆண்டுக்கொருமுறை தொடும் அமைப்புகளுக்கும் மவுஸ்தான்.

பயம் எங்கே வேண்டும்? ‘ஆர்எம்’ என்ற கட்டளை அழித்ததைக் குப்பைத்தொட்டியில் தேட முடியாது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாபின் பொறியாளர் ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்தார். சுதாரித்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். நிறுவனமே இதை வெளிப்படையாக எழுதியது.

எந்த டெர்மினலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் முதன்மைச் சர்வருக்கு மட்டும் சிவப்புப் பின்னணி வைத்திருக்கிறேன். பல கோப்புகளை ஒரேயடியாகக் குறிக்கும் நட்சத்திரக் குறியோடு அழிக்குமுன், அதே வரியை, கோப்புகளைப் பட்டியலிட மட்டும் செய்யும் ‘எல்எஸ்’ போட்டு ஓட்டிப் பார்க்கிறேன். எங்கிருந்தோ நகலெடுத்த கட்டளை, நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு ஓட்டும் ‘சூடோ’வில் தொடங்கினால், ஒவ்வொரு சொல்லும் புரியும்வரை என்டர் விசையைத் தொடுவதில்லை.