மிகையெண்: சொல் விளக்கம்

திருநெல்வேலி டவுனின் பின்கோடு 627006. இதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 3 × 31 × 3371. இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் காரணிகள் மொத்தம் 16. அதில் 627006-ஐ மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற 15-ஐயும் கூட்டினால் 6,67,842 வரும். அதாவது, எண்ணைவிட 40,836 கூடுதல். இப்படித் தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகை தன்னையே தாண்டிவிடும் எண்தான் மிகையெண். ஆங்கிலத்தில் அபண்டன்ட் நம்பர்.

தாண்டாமல் கீழே நின்றுவிட்டால் குறையெண். பாளையங்கோட்டையின் 627002 அந்த வகை. தாமிரபரணி ஆற்றுக்கு அந்தப் பக்கத்தார் கோபித்துக்கொள்ள வேண்டாம். 6, 28 போலக் கச்சிதமாகப் பொருந்தினால் நிறைவெண். 'நிறையெண்' என்று சுருக்கினால் எடை ஞாபகம் வந்துவிடும், அதனால் வேண்டாம். செவ்விய எண் என்றும் சொல்வதுண்டு.

இந்த மூன்று வகையையும் கி.பி. 100 வாக்கில் விரிவாக எழுதிவைத்தவர் நிக்கோமாக்கஸ் என்ற கிரேக்கக் கணிதர். மிகையெண்களை அவர் மெச்சவில்லை. பத்து வாயும் மூன்று வரிசைப் பல்லும் நூறு கையுமாகப் பிறந்த விலங்கைப் போன்றவை என்று முகம் சுளித்தார். ஆங்கிலச் சொல்லோ லத்தீனிலிருந்து வந்தது. அதன் வேரில் இருப்பது அலை. அலை புரண்டு வழிகிற வளம். அதைப் பார்த்து 'வள எண்', 'ஏராள எண்' என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் கருத்து பிறந்தது குறை சொல்லும் தொனியில். தமிழில் அந்தத் தொனி 'மிகை'க்குத்தான் உண்டு. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்கும் நன்னூல், குன்றக் கூறலை முதலிலும் மிகைபடக் கூறலை அடுத்தும் வைக்கிறது. குறையெண், மிகையெண் என்ற ஜோடி அங்கேயே தயாராக இருக்கிறது.

மிகையெண்களில் மிகச் சிறியது 12. அதன் காரணிகள் 1, 2, 3, 4, 6 சேர்ந்தால் 16. பழைய முகத்தல் அளவையில், தஞ்சாவூர்ப் பக்கம் 12 மரக்கால் நெல் ஒரு கலம்; பாதி, மூன்றில் ஒன்று, கால் என்று எப்படிப் பங்கு போட்டாலும் முழு மரக்காலாகவே வரும். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் கோட்டை என்ற நெல் அளவைக்கு 21 மரக்கால். 1, 3, 7 கூட்டினால் வெறும் 11. நல்ல குறையெண்! இரண்டு பேருக்குப் பிரித்தாலே அரை மரக்கால் இடிக்கும். அளவையாகக் கலம்தான் சுலபம் என்பேன், ஊர்ப்பற்று இருந்தாலும்.

அப்புறம் ஒரு குறுக்குவழி. 6 நீங்கலாக, 6-ஆல் வகுபடும் எல்லா எண்ணும் மிகையெண்ணே. 627006 இரட்டை எண். இலக்கங்களைக் கூட்டினால் 21, அது மூன்றால் வகுபடும். ஆகவே மேலே போட்ட நீண்ட கூட்டலுக்கு அவசியமே இல்லை. ஒற்றைப்படையில் மிகையெண் கிடைக்கத்தான் 945 வரை போக வேண்டும்.